அலை தொட்ட வேட்டி

இருளம்மாளுக்குத் தொண்டை கொஞ்சம் பெரிசு. ராமேஸ்வரம் கரையில் நின்று அவள் மகனைக் கூப்பிட்டால், பாம்பனில் எவனோ ஒருவன் "என்ன ஆத்தா?" என்று திரும்பிப் பார்ப்பானாம். இப்படிச் சொன்னவர் தையல்காரர் அகமது கபீர். துணியை அளக்கும்போது ஒரு விரற்கடை தப்பாத மனுஷர், பேச்சை அளக்கும்போது மட்டும் முழக்கணக்கில் கூட்டிவிடுவார். இருந்தாலும் இந்த விஷயத்தில் அவர் அதிகம் கூட்டவில்லை என்றுதான் கரையில் எல்லாரும் சொன்னார்கள்.

அவள் பிறந்தது கடலாடிக்கு உள்ளே, பருத்தியும் மிளகாயும் போடுகிற ஒரு வறண்ட கிராமம். பதினெட்டு வயதில் செல்லச்சாமிக்கு வாழ்க்கைப்பட்டுத் தீவுக்கு வந்தாள். செல்லச்சாமி தனுஷ்கோடித் துறையில் கப்பலுக்கு மூட்டை ஏற்றி இறக்குகிறவன். வாரத்துக்கு ஒரு தரம் வீட்டுக்கு வந்து, சாப்பிட்டுத் தூங்கி எழுந்து போவான். வாயைத் திறப்பது அபூர்வம். வீட்டுக்கு ஒருத்தர் பேசினால் போதாதா என்று விட்டுவிட்டான் போலிருக்கிறது.

வந்த புதிதில் ஒரு அமாவாசை. கடலைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறாள் இருளம்மாள். அக்கினி தீர்த்தத்தில் முழுக்குப் போட்ட ஒரு வடக்கத்தி அம்மாள், கட்டியிருந்த நல்ல சேலையைக் கடலோடு விட்டுவிட்டு, மாற்றுச் சேலையைச் சுற்றிக்கொண்டு விறுவிறுவென்று நடந்தாள். இருளம்மாளுக்குப் பதறிவிட்டது. ஐயோ பாவம், மறந்துவிட்டாளே! இடுப்பளவு தண்ணீரில் இறங்கிச் சேலையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, "ஏ தாயி! சேலைய விட்டுட்டுப் போறீகளே!" என்று கத்தியபடி பின்னாலேயே ஓடினாள். அந்த அம்மாள் திரும்பிப் பார்த்தாள். தொலையட்டும் என்று விட்ட சேலை தன்னையே துரத்திக்கொண்டு வருவதைக் கண்டதும் போட்டாளே ஓட்டம்! சன்னதித் தெரு முழுக்க இரண்டு பேரும் ஓடினார்கள். கடைசியில் கபீர்தான் கடையிலிருந்து இறங்கி வந்து மறித்தார்.

"அவுக பாவத்தைத் தொலைச்சிட்டுப் போறாக, தங்கச்சி. நீ அதைத் தூக்கிட்டுப் போயி அவுக கையிலேயே குடுக்குறியே!"

"துணியில என்னண்ணே பாவம் இருக்கு? அழுக்குத்தான இருக்கு?" என்றாள் இருளம்மாள். "சவக்காரம் போட்டாப் போயிரும்."

அதுவே அவளுக்குத் தொழிலாகிவிட்டது. கடல் ஒதுக்குகிற வேட்டி சேலைகளைப் பொறுக்கி, உப்புப் போக நல்ல தண்ணீரில் அலசி, வெளுத்து, மடித்துக் கபீர் கடைக்குக் கொண்டுவருவாள். கபீர் அவற்றைத் தலையணை உறை, பை, உள்பாவாடை, சின்னப் பிள்ளைகளுக்குச் சட்டை என்று தைத்துப் போடுவார். தீவில் பாதிப் பேர் தலை வைத்துத் தூங்குவது வடநாட்டார் பாவத்தின் மேல்தான் என்பது அவர் பேச்சு. பிள்ளைகளும் பிறந்து, அவர்களும் துணி பொறுக்கக் கற்றுக்கொண்டார்கள்.

இந்தத் தொழிலுக்குக் கரையில் ஒரு சட்டம் உண்டு. எங்கும் எழுதி வைத்ததில்லை, ஆனால் பல் முளைக்காத பிள்ளைக்குக்கூடத் தெரியும். மாற்றுத் துணியைக் கரையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போகிறவர்கள் அதன்மேல் ஒரு கல்லை வைக்க வேண்டும். கல் வைத்த துணியை எவரும் தொடமாட்டார்கள், சரிகை வேட்டியானாலும் சரி. கல் இல்லாமல் கிடந்து அலை தொட்டுவிட்டதா, அது கடலில் விட்ட துணி. முதலில் எடுத்தவருக்குச் சொந்தம். புதிதாக வருகிறவர்களுக்குப் புரோகிதர்களே இதைச் சொல்லிவிடுவார்கள்.

ஐம்பத்தெட்டாம் வருஷம் தை அமாவாசை. கரையில் எள் போட்டால் எண்ணெயாகும் கூட்டம். கோயம்புத்தூர்ப் பக்கத்து மில் முதலாளி ஒருவர் தகப்பனாருக்குத் தர்ப்பணம் கொடுக்க வந்திருந்தார். ஆள் நல்ல கனம். கண்ணாடி இல்லாவிட்டால் அவருக்கு எதிரே நிற்பது ஆளா தூணா என்று தெரியாது. பழைய வேட்டியோடு கடலில் இறங்கினார். புதுப் பட்டுக்கரை வேட்டியும் சில்க் சட்டையும், சட்டைப் பையில் கண்ணாடியும், கரையில் மணல்மேல். கூட்டத்தில் திண்டாடிக்கொண்டிருந்த புரோகிதர் கல் வைக்கச் சொல்ல மறந்துவிட்டார். முதலாளி மூன்று முழுக்குப் போட்டு, பழைய வேட்டியைக் கடலுக்கு விட்டார். அதற்குள் ஒரு பெரிய அலை வந்து புதுத் துணியை நனைத்துவிட்டுப் போனது.

அங்கே காத்திருந்தவர்கள் மூன்று பேர். இருளம்மாளின் மகள் இராமலட்சுமிக்கு ஒன்பது வயது, மகன் முனியசாமிக்கு ஆறு, கபீரின் மகன் சதக்குக்கு எட்டு. கல் இல்லை, அலை தொட்டாயிற்று. சதக் வேட்டியை எடுத்துப் பிழிந்தான். முனியசாமி சட்டையை எடுத்து ஆசைக்கு மாட்டிப் பார்த்தான். அது அவன் கணுக்காலைத் தாண்டித் தரையைக் கூட்டியது.

முதலாளி திரும்பினார். கோவணத்தோடு நிற்கிறார். துணி இருந்த இடத்தில் வெறும் மணல். கழுத்தளவு தண்ணீருக்குள் போய் நின்றுகொண்டு, "திருடன்! திருடன்!" என்று கத்தினார். யாரைப் பார்த்துக் கத்துகிறோம் என்று அவருக்கே தெரியாது.

கரைப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் புதிதாக வந்திருந்த சப்-இன்ஸ்பெக்டர் பக்கத்தில்தான் நின்றார். சின்ன வயசு, மீசையை முறுக்கிப் பழகிக்கொண்டிருக்கிற பருவம். சாயங்கால ரயிலில் டி.எஸ்.பி. வருகிறார், அதற்குள் ஒரு கேஸாவது பிடித்தாக வேண்டும். கூட்டத்தில் நிஜமான பிக்பாக்கெட்டுகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அவர்களுக்கு ஓடத் தெரியும். இந்த மூன்று பிள்ளைகளும் ஓடவில்லை. தப்பு செய்திருந்தால்தானே ஓடுவதற்கு? 'போலீஸ் வருதுடா' என்று வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர் மூன்று இடுப்பையும் ஒரே கயிற்றில் கோத்துக் கட்டி, ஆட்டைப் பத்துவதுபோல நாலு ரத வீதியிலும் நடத்திக்கொண்டு போனார். முனியசாமி அந்தச் சில்க் சட்டையிலேயே தடுக்கித் தடுக்கி விழுந்துகொண்டு போனான். குருவி தலையில் பனங்காய் வைப்பது என்பார்களே, அதைக் கண்ணால் கண்டது ஊர்.

இருளம்மாள் குடிசைக்குப் பின்னால் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். கபீரின் மனைவி நூர் நிஷா மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"அக்கா! நம்ம புள்ளைகள கயித்துல கட்டி இழுத்துட்டுப் போறாங்கக்கா! திருட்டுப் புள்ளைகன்னு தெருவே சொல்லுது. யா அல்லாஹ், எம்புள்ள காலுல செருப்புக்கூட இல்ல!"

கையிலிருந்த ஈரச்சேலை மண்ணில் விழுந்தது. இருளம்மாளுக்கு அடிக்குக்கூட அவ்வளவு பயமில்லை; அந்தச் சொல்லுக்குத்தான் பயம். அவளுடைய அய்யா ஒரு ஆழாக்கு அரிசி திருடியவரில்லை. ஆனால் வெள்ளைக்காரன் காலத்து ரேகைச் சட்டத்தில் அவர்கள் ஊர் ஆண்கள் எல்லாரும் பிறவித் திருடர்கள் என்று எழுதியாயிற்று. பொழுது சாய்ந்தால் அவர் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்க் கட்டைவிரலை உருட்டிவிட்டு அங்கேயே படுக்க வேண்டும். மகளுக்குக் காய்ச்சல் என்றாலும் வீட்டில் படுக்க முடியாது. சுதந்திரம் வந்த வருஷம் சட்டம் போய்விட்டது. பட்டம் போனதா? சந்தையில் ஒரு கோழி காணாமல் போனாலும் எல்லாரும் முதலில் அய்யா முகத்தைத்தான் பார்த்தார்கள். போலீஸ் ஒருதரம் ஒட்டுகிற பசை சவக்காரத்துக்குப் போகாது. ரயிலேற்றிக் கொண்டுபோய்க் கோர்ட்டில் நிறுத்திவிட்டால் தன் பிள்ளைகளுக்கும் அந்தக் கதிதான் என்று அவளுக்குத் தெரியும்.

"வா நூரு," என்று சேலையை வரிந்து கட்டிக்கொண்டு நடந்தாள்.

ஸ்டேஷன் முற்றத்தில் வெயிலில், சரளைக்கல்மேல் மூன்றும் முட்டி போட்டிருந்தன. கயிறு இடுப்பில் அப்படியே இருந்தது. உள்ளங்கைகளில் பிரம்பு வரிவரியாகப் பதிந்திருந்தது. இராமலட்சுமிக்கு மட்டும் ஒரு வரி கூடுதல். "கல்லு வைக்கலை சார், அலை தொட்டிருச்சு," என்று நியாயம் சொன்னாள் அல்லவா, எதிர்த்துப் பேசியதற்கு அது. சதக் தன் அம்மாவைப் பார்த்ததும், "ம்மா, நான் அழுகலைம்மா," என்று சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தான்.

சப்-இன்ஸ்பெக்டர் நாற்காலியில் சாய்ந்திருந்தார். பக்கத்தில் ஏட்டு மஹ்மூது; அதே ஸ்டேஷனில் நரைத்தவர். எல்லாம் தெரியும், வாயைத் திறக்கமாட்டார்.

"நீதான் பிள்ளைங்களை விட்டுத் திருடறவளா?" என்றார் சப்-இன்ஸ்பெக்டர். "சாயங்கால ரயிலில் ராமநாதபுரம் போறாங்க. நாளைக்குக் கோர்ட்டு. அப்புறம் சீர்திருத்தப் பள்ளிக்கூடம். மீசை முளைச்ச பிறகு வந்து கூட்டிக்கிட்டுப் போ."

"மக பொம்பளப்புள்ளைங்க சாமி, அவளுக்கு எங்கிட்டு மீசை முளைக்கும்?" என்று வாயில் வந்துவிட்டது இருளம்மாளுக்கு. பிறகு கையெடுத்துக் கும்பிட்டாள். "அது அலை தொட்ட துணிங்க. இங்கன அதான் வழக்கம். யாரை வேணும்னாலும் கேளுங்க."

"அலை என்ன தாசில்தாரா, பட்டா எழுதிக் கொடுக்க? கடல்ல கிடந்தாலும் அடுத்தவன் பொருள் அடுத்தவன் பொருள்தான். எடுத்தவன் திருடன். எடுத்ததை வாங்கினவனும் திருடன்."

ஏட்டு மஹ்மூதுக்கு இருமல் வந்தது.

"வாங்குனவுகளுமா சாமி?"

"வாங்கினவனும்தான். சட்டம் தெரியுமா உனக்கு?"

"தெரியாது. இப்பத்தான் நீங்க சொல்லித் தெரிஞ்சுக்கிட்டேன்," என்றாள் இருளம்மாள். "அப்ப கொஞ்சம் எந்திரிங்க சாமி."

"என்ன?"

"முதுகுக்குக் குடுத்திருக்கீகளே தலகாணி, அது போன ஆடி அமாவாசையில ஒதுங்குன வேட்டி. நான் வெளுத்தேன், கபீர் அண்ணன் தைச்சாரு, ஏட்டய்யா வாங்கினாரு. அந்தச் சன்னல்ல தொங்குற திரை ஒரு சேட்டம்மா சேலை. உங்க சோத்து வாளியைச் சுத்தி வச்சிருக்கிற துணியும் நம்ம கடலுதான். கயிறு பத்துமான்னு பாருங்க, ஏட்டய்யாவையும் கட்டணும்ல?"

"என்னை ஏத்தா இழுக்குறே?" என்று மஹ்மூது நெற்றியைத் துடைத்தார். துடைத்த துண்டைப் பார்த்தார்; அதுவும் கடல் துண்டுதான். மெதுவாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். வாசலில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த மீன்காரிகள் கொல்லென்று சிரித்தார்கள். சப்-இன்ஸ்பெக்டர் கட்டெறும்பு கடித்தவர்போல நாற்காலியைவிட்டு எழுந்தார். முகம் சிவந்துவிட்டது.

"ஸ்டேஷன்ல வந்து நக்கலா? உன்னையும் சேர்த்து உள்ளே தள்ளிடுவேன்!"

"தள்ளுங்க. எம்புள்ளைக பக்கத்துல இருந்துட்டுப் போறேன்."

நிலைமை இப்படி முறுகி நிற்கும்போது, யாரிடமோ இரவல் வாங்கிய குட்டை வேட்டியைச் சுற்றிக்கொண்டு மில் முதலாளி வந்து சேர்ந்தார். பையனிடமிருந்து கழற்றி மேஜைமேல் போட்டிருந்த தன் சட்டையைத் தடவி எடுத்து, பைக்குள் கைவிட்டுக் கண்ணாடியை எடுத்து மாட்டினார். "எங்கீங்க அந்தத் திருட்டுப் பசங்க?" என்று கேட்டபடி, ஆள் உயரத்துக்கு முற்றத்தைத் துழாவினார்.

"இதோ இருக்காங்களே."

"எங்கீங்க?"

"கீழே பாருங்க சார்."

முதலாளி கீழே பார்த்தார். பிறகு அந்தக் கனத்த உடம்போடு சிரமப்பட்டுக் குந்தி உட்கார்ந்து, இராமலட்சுமியின் கையை விரித்துப் பார்த்தார்.

"அடப்பாவமே! இந்தக் கொளந்தைகளயா? ஏன் கண்ணு எடுத்தே?"

"நீங்க கல்லு வைக்கலையே மாமா."

"கல்லு வெக்கோணும்னு எனக்குத் தெரியாதே கண்ணு."

"அய்யரு சொல்லலையா?"

"சொல்லலையே."

"அப்பத் தப்பு அய்யரு மேலதான்," என்று தீர்ப்புச் சொன்னாள் இராமலட்சுமி. கையில் ஆறு வரி பிரம்படி வாங்கியும் அவளுக்கு நியாயம் மறக்கவில்லை. தாயைப் போலப் பிள்ளை!

முதலாளி எழுந்தார். "எனக்கு வழக்கும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாமுங்க. என்ர துணிய நானே கடலுக்குக் குடுத்தேன்னு வெச்சுக்கோங்க."

"கம்ப்ளெயிண்ட் எழுதியாச்சு சார்."

"நானு இன்னும் கையெழுத்துப் போடலீங்களே? போடமாட்டேனுங்க."

சப்-இன்ஸ்பெக்டர் அவரைப் பார்த்தார், தலையணையைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார். "ஏட்டு, கயிற்றை அவிழ்த்து விடுங்க. கூட்டிக்கிட்டுப் போம்மா. பின்பக்கமாப் போ. கூட்டம் கூட்டாதே."

நூர் நிஷா சதக்கை வாரித் தூக்கிக்கொண்டாள். "வாங்கக்கா, போயிருவோம். விட்டதே அல்லாஹ் புண்ணியம்."

இருளம்மாள் அசையவில்லை. முற்றத்தின் நடுவில் அப்படியே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"பின்பக்கமாப் போகமாட்டேன் சாமி. நாலு ரத வீதியிலயும் கட்டிக் கூட்டிட்டு வந்தீக. ஊரு பூராம் பாத்துச்சு. அவுத்து விட்டதை யாரு பாத்தா? கொல்லை வழியாப் போனா நாளைக்கும் எம்புள்ளைக திருட்டுப் புள்ளைகதான். கட்டுன கையால நீங்களே புடிச்சு, அதே வீதியில திரும்பக் கூட்டிட்டு வாங்க. அதுவரைக்கும் நான் இங்கனதான் இருப்பேன்."

"உனக்கென்ன பைத்தியமா?"

"ஆமா சாமி. புள்ள பெத்த பைத்தியம்."

வாசலில் நின்ற மீன்காரிகளும் ஒவ்வொருத்தியாகக் கூடையை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தார்கள். படகுக்காரர்கள் வந்தார்கள். கடையைப் பூட்டிவிட்டுக் கபீர் வந்தார். குளித்துவிட்டுப் போன யாத்திரிகர்கள், இங்கே என்ன தரிசனம் என்று தெரியாமல் அவர்களும் சேர்ந்து உட்கார்ந்தார்கள். மஹ்மூது அன்றைக்குத்தான் முதன்முதலாக வாயைத் திறந்து ஒரு யோசனை சொன்னார்.

"சார், ரயில் பாலத்துக்கு வந்திருக்கும். டி.எஸ்.பி. அய்யா வந்து எறங்குறப்ப வாசல்ல இம்புட்டுச் சனம் இருந்தா, என்ன ஏதுன்னு கேப்பாரு. ஒரு நடை போயிட்டு வந்திருங்க சார். சின்னப் புள்ளைகதானே."

சப்-இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார். ஒரு கையில் இராமலட்சுமி, மறு கையில் முனியசாமி. சதக்கைக் கபீர் நடத்திக்கொண்டு வந்தார். பின்னாலேயே இருளம்மாளும் நூர் நிஷாவும், அவர்களுக்குப் பின்னால் பாதி ஊரும். மில் முதலாளிகூட கசங்கிய சில்க் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார்.

மேல ரத வீதியில் வளையல் கடைக்காரர் கேட்டார். "என்ன சார், இந்தப் புள்ளைக என்னத்தைத் திருடுச்சுக?"

"ஒண்ணும் இல்லை," என்று முனகினார் சப்-இன்ஸ்பெக்டர்.

"அவருக்குக் காதுல விழலையாம் சாமி," என்றாள் பின்னாலிருந்து இருளம்மாள்.

"ஒண்ணும் திருடலை!"

அடுத்த வீதியில் காப்பிக் கிளப் வாசலில் கேட்டார்கள். அங்கேயும் சொன்னார், பல்லைக் கடித்துக்கொண்டு. அப்போது முனியசாமியின் நடை தளர்ந்தது. கையை இழுத்தார், பையன் வரவில்லை. குனிந்து பார்த்தார். இரண்டு முழங்காலிலும் தோல் உரிந்து, சரளைப் பொடி உள்ளே ஒட்டிக்கொண்டிருந்தது. "ஏன் சொல்லலை?" என்று கேட்டார். "சொன்னா அடிப்பீகள்ல," என்றான் முனியசாமி. சப்-இன்ஸ்பெக்டர் நடுத்தெருவில் உட்கார்ந்து, ஒரு கல்லைத் தன் நகத்தால் மெதுவாக எடுத்தார். இன்னொன்றை எடுத்தார். பிறகு பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். பகலெல்லாம் வெயிலில் கிடந்த பிள்ளை, தூக்கியவுடனே தூங்கிப்போனான்.

கீழ ரத வீதியில் பூக்காரி ஒருத்தி கையை ஆட்டிக்கொண்டு எழுந்து வந்தாள். "காலையில கட்டி இழுத்துட்டுப் போனீக, இப்பத் தூக்கிச் சுமந்துட்டு வாரீக. அப்படி என்னதான் சார் செஞ்சுச்சு இந்தப் புள்ள?"

இந்தத் தரம் இருளம்மாள் பின்னாலிருந்து தூண்ட வேண்டியிருக்கவில்லை.

"இவங்க ஒரு தப்பும் செய்யலைம்மா," என்றார் சப்-இன்ஸ்பெக்டர், தெருவுக்கே கேட்கிற மாதிரி. "நான்தான் தப்பாப் பிடிச்சிட்டேன்."

இருளம்மாள் அங்கேயே நின்று, முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். நூர் நிஷா அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். அவள் அழுது முடிக்கும்வரை சப்-இன்ஸ்பெக்டர் பிள்ளையைத் தோளிலிருந்து இறக்காமல் அந்த இடத்திலேயே நின்றார்.